குலசையில் கட்டிய காப்பு

1

இன்று காலை ராட்டர்டாமில் மழை. அதில் புதிய செய்தி ஒன்றுமில்லை, நேற்றும் மழைதான். துறைமுக அலுவலகத்தில் என் எதிர் மேசையில் உட்காரும் டச்சுக்காரர், "ஊருக்குப் போய் வந்தாயே, எப்படி இருந்தது?" என்று கேட்டார். இங்கே இந்தக் கேள்விக்கு "நல்ல வெயில்" என்று சொன்னால் போதும், அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். இருபத்திரண்டு வருஷமாக நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று என் வாய் நிற்கவில்லை. கையை ஆட்டி, எழுந்து நின்று, ஒரு கட்டத்தில் குதித்தும் காட்டியிருக்கிறேன். அவருடைய காபி ஆறிப்போனது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் உன் மகள் இப்போது இந்தியாவில் குரங்காக இருக்கிறாளா?" என்றார்.

ஆமாம் என்றேன். இன்னும் இரண்டு நாளைக்கு.

அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நான் தங்கராசு, தூத்துக்குடிக்காரன். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று பட்டியல் போடுவது என் வேலை. மனைவி வசந்தி இங்கே ஓர் ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறாள். ஒரே மகள் மீரா, இருபது வயது, நர்சிங் படிக்கிறாள். வசந்திக்கு விடுப்புக் கிடைக்காததால் இந்த முறை நானும் மீராவும் மட்டும் கிளம்பினோம்.

விமானம் ஏறியதும் மீரா சொன்னாள்: "அப்பா, எனக்கு இதுதான் கடைசித் தடவை. இனிமேல் நீங்களும் அம்மாவும் போய்க்கொள்ளுங்கள்." டச்சு மொழியில் சொன்னாள். எங்கள் வீட்டில் சாப்பாடு, சளி, சண்டை எல்லாம் தமிழில் நடக்கும். முடிவுகளை மட்டும் அவள் டச்சில் சொல்வாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஊருக்குப் போனால் அவளை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போவோம். எல்லா வீட்டிலும் கலர் சோடா உடைத்துக் கொடுப்பார்கள், "அங்கன குளிரு அதிகமோ?" என்று கேட்பார்கள், அவள் தலையை ஆட்டுவாள், கிளம்பிவிடுவோம். நான் பிறந்த ஊரை அவள் சோபாக்களில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறாள். இந்தத் தடவை எனக்குக் கிடைத்தது சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டாத ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் அவள் மனதை மாற்றிவிட வேண்டும். கடற்கரை ஊர்கள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

2

கார் என் பள்ளிக்கூட நண்பன் லூர்துவுடையது. புன்னைக்காயல்காரன், இப்போது தூத்துக்குடியில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கிறான். கூட வந்தவர் பொன்மணி மதினி, என் பெரியப்பா மகன் செல்வராஜ் அண்ணனின் மனைவி. அன்று குலசேகரன்பட்டினத்தில் தசராக் கொடியேற்றம். எங்கள் தெருவின் தசராக் குழுவுக்குக் காப்புக் கயிறு வாங்கி வரும் பொறுப்பு மதினிக்கு. எங்கள் பழைய கடையை இப்போது பார்த்துக்கொள்ளும் அண்ணன் அதை விட்டு வரமுடியாது, அதனால் மதினி முன் சீட்டில் மக்ரூன் டப்பாவோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

என் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. தூத்துக்குடியிலேயே டச்சுக்காரர்கள் கட்டிய பழைய கிறிஸ்தவக் கோயில் ஒன்று உண்டு, உள்ளே அவர்களுடைய கல்லறைக் கற்களும் உண்டு. மீராவை முதலில் அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் குனிந்து, தேய்ந்துபோன எழுத்தைக் கடகடவென்று படித்தாள். கோயிலைத் திறந்துவிட்ட பெரியவர் அசந்துபோனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படி?" என்றேன்.

"அப்பா, இந்த மாதிரிக் கல் நம்ம வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷத்தில் இருக்கு. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள்.

லூர்து காரைக் கிளப்பும்வரை சிரித்துக்கொண்டிருந்தான். "ஏலே, அவ ஊரையே அவளுக்குக் காட்டுதியே, ஒனக்குக் கூறு இருக்கா?"

உப்பளங்களைத் தாண்டி, முக்காணிப் பாலத்தில் தாமிரபரணியைக் கடந்து, ஆத்தூரில் இடதுபுறம் திரும்பினோம். புன்னைக்காயலில் ஆறு கடலோடு சேரும் இடத்தில் படகுகள் நெருக்கியடித்து நின்றன. முத்து எங்கே என்று மீரா கேட்டாள். நான் வழியெல்லாம் முத்துக்குளித்துறை என்று அளந்துவிட்டிருந்தேன்.

"முத்தா? அது போயி வருசம் எத்தன ஆச்சு! இப்ப நண்டும் கணவாயுந்தான் எங்களுக்கு முத்து," என்றான் லூர்து. பிறகு, இந்த ஊரில் பல நூறு வருஷங்களுக்கு முன்பே அச்சுக்கூடம் வைத்துத் தமிழ்ப் புத்தகம் அடித்தார்கள் என்று மார்தட்டினான். மீரா மரியாதைக்குத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நன்றாக அறிவேன். சோபாவில் உட்கார்ந்து ஆட்டுவதும் அதேதான்.

3

காயல்பட்டினத்தில் வெள்ளை வெளேரென்று பள்ளிவாசல்கள், குறுகலான தெருக்கள், சூடான தம்மடை. ரவையும் முட்டையும் போட்டுச் செய்யும் அந்தப் பலகாரத்தில் மீரா இரண்டு துண்டு சாப்பிட்டாள். எனக்குச் சற்று நம்பிக்கை வந்தது. மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டே கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தாள், வந்த நம்பிக்கை போய்விட்டது.

திருச்செந்தூர் நெருங்கும்போது மதினிதான் பேச்சைத் தசராவுக்குத் திருப்பினார். குலசையில் முத்தாரம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் காப்புக் கட்டி, வேஷம் போட்டு, ஊர் ஊராகப் போய்க் கையேந்திக் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். கடை முதலாளியும் கையேந்துவார், கலெக்டர் ஆபீஸ்காரரும் கையேந்துவார். வேஷத்தையும் காணிக்கையையும் நான் மீராவுக்கு டச்சில் மாற்றிச் சொன்னேன், காப்புக்கு டச்சில் சொல் கிடைக்காமல் அதை மட்டும் விட்டுவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே பழைய வேகம் வந்துவிட்டது. சின்ன வயதில் எங்கள் கடைவாசலுக்கு வேஷக்காரர்கள் வரும்போது அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவந்து காணிக்கை போடுவார். ஒரு வருஷம் கரடி வந்தது. தெருவையே கலக்கிய கரடி. நானும் கரடி வேஷம் போட வேண்டும் என்று அழுதேன். பரீட்சை முடியட்டும் என்றார் அப்பா. பரீட்சை முடிந்தது, காலேஜ் வந்தது, பம்பாய் வந்தது, ராட்டர்டாம் வந்தது.

"பிறகு ஏன் போடவில்லை?" என்று மீரா கேட்டாள்.

"லீவு கிடைக்கவில்லை."

இது பொய்யில்லை. ராட்டர்டாமில் அடுத்த கோடைக்கான விடுப்பை மழைக்காலத்திலேயே எழுதிக்கொடுக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் காலத்தில் ஒரு நாள் அதிகமாக ஊரில் தங்கினால்கூட விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். தசராவோ அதன் இஷ்டத்துக்குப் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் நகர்ந்து நகர்ந்து வரும். எனக்கு அது ஒருபோதும் தோதுப்படவில்லை, இந்த வருஷமும் கொடியேற்றம் மட்டும்தான் விடுப்புக்குள் விழுந்தது. மீரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

4

குலசையில் காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தோம். எங்கே பார்த்தாலும் சிவப்பு வேட்டி, சிவப்புச் சேலை. மேளச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழவில்லை. காலையில் கொடி ஏறியாயிற்று, காப்புக் கட்டியவர்கள் சிலர் அதற்குள் வேஷமும் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஒரு போலீஸ், ஒரு மணப்பெண், தாடி வைத்த ஒரு நர்ஸ். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, கண்ணும் கலங்கியது. மகள் பார்த்துவிடக் கூடாதென்று கைபேசியில் படம் எடுப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு குரங்கு வந்தது. வாலைச் சுழற்றிக்கொண்டு மீராவைச் சுற்றிச் சுற்றி வந்து, அவள் தோளில் பேன் பார்த்து, தின்பதுபோல் வாயை மென்று, கடைசியில் தட்டை நீட்டியது. மீரா சிரித்தாள். ஊருக்கு வந்து அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். குரங்கு முகமூடியைத் தூக்கியது. உள்ளே நாற்பது வயது மனிதர், நெற்றியெல்லாம் வியர்வை. தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் பெட்டிகளுக்குப் பட்டியல் போடுகிறாராம். என் தொழில்!

"மவளுக்கு மூச்செரப்பு இருந்துச்சு அண்ணாச்சி. அம்மன்ட்ட வேண்டுனேன், சொகமாச்சு. இது மூணாவது வருசம்," என்றார்.

"லீவு எப்படிக் கிடைச்சுது?" இதைக் கேட்டது நான்தான்.

"கேட்டேன், குடுத்தாங்க," என்று முகமூடியை இறக்கிக்கொண்டு தாவிப் போய்விட்டார். மீரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கோயில் பக்கம் காப்பு வாங்க வரிசை. மதினி குழுவுக்கான கயிறுகளை வாங்க நின்றார், மீரா அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மதினி கயிற்றுக் கட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது, காப்புக் கட்டுகிறவர் அடுத்த ஆளைப் பார்த்தார். மீரா வலது கையை நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே, பெண்பிள்ளைக்கு இடது கை என்று மாற்றிப் பிடித்தார்.

"பேரு என்னம்மா?"

"மீரா."

அவ்வளவுதான். கண்ணை மூடி ஒரு கணம் அம்மனை நினைத்துவிட்டு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். நான் இதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கோணம் அருமையாக அமைந்திருந்தது. அடுத்து அவர் என்னைப் பார்த்து, "ஒங்களுக்கு அண்ணாச்சி?" என்றார். என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. அந்தக் கயிறு என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தவன், ஒரு வார்த்தை சொல்லாமல் மகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மதினி திரும்பினார். மீராவின் மணிக்கட்டைப் பார்த்தார். "ஏளா! ஒனக்கு யாருளா கெட்டச் சொன்னா?"

5

மணப்பாடு வரைக்கும் காரில் யாரும் மக்ரூனைத் தொடவில்லை.

"காப்புக் கெட்டியாச்சுன்னா அவ அம்மனுக்கு ஆளு தம்பி," என்றார் மதினி. "பதினோராம் நாளு கோயில்ல அவுக்குத வரைக்கும் கவுச்சி கெடையாது, வேசம் போடணும், கையேந்தணும். நாலு நாள்ல பிளேன் ஏறுதேங்கிய! என்ன செய்யப் போறிய?"

கோயில்களில் கையில் கட்டிவிடும் கயிறு மாதிரி இதையும் நினைத்துவிட்டேன் என்றாள் மீரா. கடல் பக்கத்து மணல்மேட்டில், சிலுவைக் கோயிலுக்குக் கீழே லூர்து காரை நிறுத்தினான். நல்ல காற்று, முன்னால் நீலமாகக் கடல். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. டிக்கெட், அவளுடைய பயிற்சி, வசந்திக்கு என்ன சொல்வது, எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் ஓடின. லூர்துவிடம் யோசனை கேட்டேன்.

"எங்க பக்கம் இதுக்கு நேர்ச்சைன்னு பேரு. நேர்ந்தாச்சுன்னா நேர்ந்ததுதான். ஆனா இவ நேரலையேலே? தெரியாமத்தான கைய நீட்டுனா?" என்றான்.

இந்த ஓட்டையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அண்ணனுக்குப் போன் போட்டேன், அண்ணன் கோயிலில் தெரிந்தவரிடம் விசாரித்தார். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. தெரியாமல் கட்டிய பிள்ளைமீது அம்மனுக்கு ஒரு கோபமும் வராது, கூட்டி வந்தால் சன்னதியிலேயே அவிழ்த்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். "அப்பாடா!" என்று சத்தமாகவே சொன்னேன். மதினிகூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். லூர்து சாவியைக் கையில் எடுத்தான்.

"நான் அவிழ்க்கவில்லை," என்றாள் மீரா. டச்சில் சொன்னாள்.

நான் விளக்கினேன். அனுமதி கிடைத்துவிட்டது, தவறொன்றுமில்லை, பயப்படாதே என்றேன். அவள் பயப்படவில்லை, நான்தான் உளறிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ராட்டர்டாமில் என்னிடம் எல்லோரும் எந்த நாடு என்று கேட்கிறார்கள். தூத்துக்குடியில் எந்த நாட்டில் இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். அந்த ஆள் பேரை மட்டும்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் கட்டிவிட்டார்." பிறகு மதினியின் பக்கம் திரும்பி, அவளுடைய தமிழில் சொன்னாள்: "பெரியம்மா, நான் குரங்கு. சரியா? குரங்குக்குத் தமிழ் தெரிய வேண்டாம்."

மதினி மக்ரூன் டப்பாவைத் திறக்கப் போய், அதில் முட்டை இருப்பது ஞாபகம் வந்து மூடிவிட்டார். "வெரதக்காரிக்கு இது ஆவாது. வாளா, வழியில எளநி வாங்கித் தாரேன்."

எனக்குக் கோபம் வந்தது. மகளைத் தனியே விட்டுப் போகிற பயம் என்று அப்போது நினைத்தேன். காருக்குப் பின்னால் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உண்மை தெரிந்தது. அது பொறாமை. நாற்பது வருஷமாக நான் ஆசைப்பட்ட ஒன்று, இந்தப் பெண்ணுக்கு ஒரு கையை நீட்டியதும் கிடைத்துவிட்டது. நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தவன்.

6

அடுத்த நாள் மீரா ராட்டர்டாமில் தான் பயிற்சி எடுக்கும் முதியோர் இல்லத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். திட்டு வரும் என்று காத்திருந்தேன், படிவம் வந்தது. டச்சுக்காரர்கள் நாட்டில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற இடத்தில் நோய், மரணம், திருமணம், வீடு மாறுதல் என்று கட்டங்கள். கடைசியில் ஒரு கட்டம்: சமயக் கடமை.

"இப்படி ஒரு கட்டம் இருக்கா?" என்றேன்.

"எப்போதும் இருக்கு அப்பா. உங்கள் ஆபீஸ் படிவத்திலும் இருக்கும். நீங்கள் கேட்டீர்களா?"

விவரம் என்ற இடத்தில் அவள், 'அம்மனுக்காகக் குரங்கு வேஷம், பதினொரு நாள்' என்று எழுதினாள். ஒரு சொல்லையும் மழுப்பவில்லை. சாயங்காலத்துக்குள் அனுமதி வந்தது, திரும்பி வரும்போது படங்கள் கொண்டுவரச் சொல்லி இல்லத்தின் பொறுப்பாளர் கேட்டிருந்தார். மீராவை மதினி வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் தனியாக விமானம் ஏறினேன். வசந்தி என்னைக் கண்டதும், "என் பிள்ளையக் குரங்காக்கிட்டா வந்து நிக்கிறீங்க?" என்றாள். மறுநாளிலிருந்து என்னைவிட அவள்தான் அதிகம் தூத்துக்குடிக்குப் போன் போடுகிறாள். பழுப்பு உடுப்பு யார் தைத்தது, வால் எதில் செய்தது, வெயிலில் மயக்கம் வரவில்லையா, கால் கொப்பளித்திருக்கிறதா, எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இன்று மதிய இடைவேளையில் கேன்டீனில் ரொட்டியும் சீஸும் தின்றுகொண்டிருந்தேன். மீரா காணொளியில் கூப்பிட்டாள். திரை முழுக்கக் குரங்கு. பின்னால் எங்கள் கடை, அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் இறங்கி நிற்கிறார், அப்பா நின்ற அதே இடத்தில். மேளம் கேட்கிறது. கேன்டீனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் மேசை டச்சுக்காரர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குரங்கு தட்டைக் கைபேசிக்கு நேராக நீட்டியது.

"அண்ணாச்சி, அம்மனுக்குக் காணிக்க போடுங்க!"

ஒன்பது நாளில் என் மகளுக்கு அப்படி ஒரு தமிழ் வந்திருந்தது. குரங்குக்குத் தமிழ் வேண்டாம் என்றவள். சட்டைப்பையைத் தடவினேன், திரை வழியாக எதைப் போடுவது என்று புரியாமல் வெறுங்கையைத் திரைக்கு நேரே நீட்டினேன். அதில் கயிறும் இல்லை, காணிக்கையும் இல்லை.

அவள் முகமூடியைத் தூக்கினாள். வியர்த்து, கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். பிறகு தமிழிலேயே சொன்னாள்:

"அப்பா, அடுத்த வருஷத்துக்குக் குழுல பேரு கேட்டாவ. நான் ரெண்டு பேரு குடுத்தேன். எனக்குக் குரங்கு. ஒங்களுக்குக் கரடி."

மேளம் அடுத்த கடைக்கு நகர்ந்தது, அவளும் ஓடிவிட்டாள். என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று டச்சுக்காரர் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று என் மேசைக்கு ஓடினேன். அடுத்த வருஷத்து விடுப்புப் படிவத்தைத் திறந்து கடைசிவரை இறக்கிப் பார்த்தேன். அந்தக் கட்டம் அங்கே இருந்தது. அதில் டிக் போட்டேன். எத்தனை நாள் என்று கேட்ட இடத்தில் பதினொன்று என்று அடித்தேன். விவரம் என்ற இடத்தில், ஒரு சொல்லும் மழுப்பாமல், 'கரடி' என்று எழுதினேன்.